ஓடுவோரின் முழங்காலும் மாத்திரைப் புட்டியும்

சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மொகிலி மலைச்சரிவுக்கு முன்னர் அமைந்துள்ள பங்காருபாளையம், மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழர் கிளிமூக்கு என்றும் தெலுங்கர் தோத்தாபுரி என்றும் வழங்கும் காய் பருவகாலத்தில் இவ்வட்டாரத்துப் பழக்கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாகச் செல்கிறது. பருவத்தைப் பாராமல் நடைபெறுவது மற்றொன்று. போலீஸ் காவலர் தேர்வுக்கும் ராணுவச் சேர்க்கைக்கும் ஆயத்தம் செய்யும் இளைஞர்கள், வெயில் ஏறுமுன் சாலையோரத்திலும் பள்ளி மைதானத்திலும் ஓடிப் பழகுகிறார்கள். ஆந்திரப் போலீஸ் தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டம் உண்டு. 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அக்னிபத் திட்டத்தின் சேர்க்கை முகாம்களிலும் 1.6 கிலோமீட்டர் ஓட்டமே முதற் சோதனை. நிலமும் தொழிலும் குறைந்த குடும்பங்களில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்தச் சில நிமிஷங்களைப் பொறுத்ததாகி விடுகிறது.

இவ்வாறு ஓடுவோரிற் பலருக்குச் சில வாரங்களிலேயே முழங்காலிலோ இடுப்பிலோ வலி தோன்றுகிறது. தேர்வுத் தேதியோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வெடுக்க மனம் வருவதில்லை. அச்சமயத்தில் கையில் வந்து சேர்வது ‘மூட்டுக்குப் பலம் தரும்’ மாத்திரைப் புட்டி. குளுக்கோசமின், காண்ட்ராய்டின், கொல்லாஜன் ஆகிய பெயர்கள் மருந்துக்கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இன்று சாதாரணமாக வழங்குகின்றன. இவற்றை வாங்கலாமா என்று தேகப்பயிற்சி ஆசிரியரையோ ஊருக்கு வரும் சுகாதார ஊழியரையோ இளைஞர்கள் கேட்பது இயல்பு. ‘வாங்கித்தான் பாரேன், கெடுதல் ஒன்றும் இல்லையே’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த விடை தவறானது. மாத்திரையில் நஞ்சு இருப்பதால் அன்று. அது சம்பாதித்துக் கொடுக்கும் காலதாமதத்தினால்.

முதலில் இப்பொருள்கள் யாவை என்பதைப் பார்க்கலாம். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் கொல்லாஜன் என்னும் புரத இழைகளும், அவற்றிடையே நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிகளும் உள்ளன. அச்சங்கிலிகளில் ஒன்று காண்ட்ராய்டின். அத்தகைய சங்கிலிகள் உருவாவதற்குரிய மூலப்பொருள் குளுக்கோசமின். இந்தக் குளுக்கோசமினை உடல் சாதாரணக் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. ஜெர்மானியரான லெடர்ஹோஸ் 1876-இல் கடல் நண்டினத்தின் ஓட்டிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இன்றும் கடைகளில் விற்கப்படுவதிற் பெரும்பகுதி இறால், நண்டு ஓடுகளிலிருந்தே கிடைக்கிறது. காண்ட்ராய்டின் மாட்டின் மூச்சுக்குழல் முதலிய குருத்தெலும்புகளிலிருந்தும் சுறாமீனிடமிருந்தும், கொல்லாஜன் மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்புகளிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மரக்கறி உணவே உண்ணும் குடும்பத்துப் பிள்ளை இதை அறியாமல் மாதக்கணக்கில் விழுங்குவது உண்டு. இறால் ஒவ்வாமை உள்ளவனும் அறிவதில்லை.

குருத்தெலும்பில் இருக்கும் பொருளை வாய்வழி உட்கொண்டால் குருத்தெலும்பு வளரும் என்னும் எண்ணம், தலைமுடி வளர முடியை அரைத்துக் குடிக்கலாம் என்பதைப் போன்றது. உண்ட கொல்லாஜன் குடலில் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் சிதைந்த பின்னரே இரத்தத்திற் கலக்கிறது. குளுக்கோசமினோ 1,500 மில்லிகிராம் உட்கொண்ட பின்னும், சோதனைக் குழாயில் குருத்தெலும்பு உயிரணுக்களின்மீது பலன் காட்டிய அளவில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் காணப்படுகிறது. குருத்தெலும்பிலோ இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி விரியும்போது உள்ளே சென்று வரும் மூட்டுநீரே அதன் உணவு. எனவே, அளவான நடையும் ஓட்டமும் அதற்குப் பகை அல்ல, ஊட்டம்.

தத்துவம் எவ்வாறாயினும் அனுபவத்தில் பலன் இருந்தால் ஏற்கத்தானே வேண்டும்? ஆகையால் பரிசோதனைகளையே நோக்க வேண்டும். இவற்றில் மிகுதியும் பேசப்படுவது, அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தி 2006-இல் முடிவு வெளியான பரிசோதனை. முழங்கால் மூட்டுத் தேய்வு உடைய 1,583 பேர் அதில் சேர்க்கப்பட்டு, 24 வாரங்கள் கவனிக்கப்பட்டனர். வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்தவர்கள், குளுக்கோசமின் உண்டவருள் நூற்றுக்கு 64. காண்ட்ராய்டின் உண்டவருள் 65. இரண்டையும் உண்டவருள் ஏறத்தாழ 67. மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவருள் எத்தனை என்பதுதான் கவனிக்கத்தக்கது: நூற்றுக்கு 60. இவ்வேற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியதே என்று கணக்கியலர் கொண்டனர். ஆயினும் மிதமான அல்லது கடுமையான வலியுடைய ஒரு சிறு பிரிவினருள் இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. விற்பனையாளர்கள் எடுத்துக் காட்டுவது அப்பிரிவை மட்டுமே.

இடுப்பு மூட்டைப் பற்றி நெதர்லாந்தில் 222 பேரை இரண்டாண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான பரிசோதனையில் குளுக்கோசமினுக்கும் போலி மாத்திரைக்கும் வேற்றுமை காணப்படவில்லை. 2010-இல் பத்துப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள், இம்மாத்திரைகளால் குறிப்பிடத்தக்க வலிக்குறைவு இல்லை என்றதோடு, உற்பத்தியாளர் பணத்தில் நடந்தவற்றைவிடச் சுதந்திரமாக நடந்த பரிசோதனைகளில் பலன் இன்னும் குறைவு என்றும் கண்டனர். முழங்கால், இடுப்புத் தேய்வுக்கு இவற்றை உபயோகிக்க வேண்டாம் என்று அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை வலியுறுத்துகிறது. மறுபக்கச் சாட்சியமும் இல்லாமலில்லை. 2001-இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் 212 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, குளுக்கோசமின் சல்பேட் உண்டவருக்கு மூட்டின் இடைவெளி குறுகவில்லை என்றனர். ஆனால் அதற்கு மருந்து அளித்து உதவியது உற்பத்திச் சாலை.

போலி மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு அறுபது பேர் நலமடைந்தது எவ்வாறு? இந்த வினாவிலேயே ‘எனக்குக் குணமாயிற்று’ என்று சொல்லும் அண்டை வீட்டுக்காரரின் கூற்றுக்கு விளக்கம் இருக்கிறது. மூட்டுவலி ஏறி இறங்கும் தன்மை உடையது. மிகவும் வலிக்கும் நாளில்தான் மாத்திரை வாங்கப்படுகிறது. அதன்பின் இறங்குவதே அதன் இயல்பு. மாத்திரை வாங்கியவன் சில நாள் ஓட்டத்தையும் குறைக்கிறான், எண்ணெய் தேய்க்கிறான், காலணியை மாற்றுகிறான். புகழ் முழுவதும் புட்டிக்குப் போய்ச் சேர்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறான்.

இவையெல்லாம் தேய்வுநோய் உடைய, பெரும்பாலும் நடுவயது கடந்தவர்களைப் பற்றியவை என்பதை மறக்கலாகாது. இருபது வயது ஓட்டக்காரனின் முழங்கால்வலி வேறு இனத்தது. அவனுடைய குருத்தெலும்பு தேய்ந்திருப்பது அரிது. விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடந்த பரிசோதனைகள் மிகச் சில. முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்கு 28 நாள் குளுக்கோசமின் கொடுத்துச் செர்பிய ஆராய்ச்சியாளர் 2007-இல் வெளியிட்ட முடிவில் வலியோ வீக்கமோ கூடுதலாகக் குறையவில்லை. கால் மடங்குவதிலும் நீள்வதிலும் மட்டும் இறுதியில் சிறிது முன்னேற்றம். கொல்லாஜனைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 147 வீரர்களை 24 வாரங்கள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு ஓரளவு வலிக்குறைவைக் காட்டியது. ஆனால் சேர்ந்தவரிற் பலர் இறுதிக் கணக்கில் இடம்பெறவில்லை. இப்பகுதி வேலிகளில் படர்ந்து கிடக்கும் பிரண்டையும் (தெலுங்கில் நல்லேரு) ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. மூட்டுவலி உடைய, பயிற்சி பெற்ற 29 ஆடவருக்கு எட்டு வாரம் அதன் சாரம் தரப்பட்டதில் வலி குறைந்ததாக 2013-இல் செய்தி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைப் பிரிவு அதில் இல்லை. பிரண்டைத் துவையல் நாவுக்கு நல்லது. அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றுவதற்கு இன்னும் சான்று போதாது.

அவ்வாறாயின் இளைஞனின் முழங்கால் ஏன் வலிக்கிறது? முழங்காற்சில்லு தொடையெலும்பின் பள்ளத்தில் ஏறி இறங்கும் ஓர் உருளை போன்றது. 1972-இல் வெளியான பழைய கணக்கீடு ஒன்றின்படி, சில்லின்மீது விழும் பளு சமதளத்தில் நடக்கையில் உடல் எடையில் பாதி. படியேறி இறங்குகையில் மூன்று மடங்குக்கு மேல். ஆழக் குந்தி எழுகையில் ஏழு மடங்குக்கு மேல். திருமலைக்கு அலிபிரி வழியாகப் படியேறியவர்களுக்கு இக்கணக்கு எண்களின்றியே விளங்கும். ஏறத்தாழ 3,550 படிகள் கொண்ட அப்பாதையில் செங்குத்தான ஒரு பகுதிக்கு முழங்காலின் பெயரையே வைத்துவிட்டார்கள். தெலுங்கில் மோக்காலி மெட்டு, தமிழில் முழங்கால் முறிச்சான். ஓட்டத்தில் இப்பளு அடிக்கு அடி விழுகிறது. ஒரு 1,600 மீட்டர் ஓட்டத்தில் ஆயிரத்துக்குக் குறையாத அடிகள். நேற்றுவரை ஓடாதவன், தேர்வு அறிவிப்பு வெளிவந்த மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஓடினால் சில்லைச் சுற்றியுள்ள பகுதிகள் எரிச்சலடைகின்றன. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலிப்பது அதன் அடியிலுள்ள எலும்பும் சூழ்ந்த சவ்வும் கொழுப்பு மெத்தையுமே. குருத்தெலும்பை வளர்ப்பதாகக் கூறும் மாத்திரைக்கு இங்கு என்ன வேலை?

இவ்வகை வலிக்குச் சான்றுள்ள சிகிச்சை, தொடையின் முன்தசைகளையும் பிட்டத்துத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சி. அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் எலும்பியல் பிரிவு 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில் முதலிடம் பெற்றது அதுவே. பக்கவாட்டிற் படுத்து மேற்காலை உயர்த்துதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், தாழ்ந்த படி ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குதல்: இவற்றுக்குப் பாய் ஒன்று போதும். அடியின் நீளத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டி ஓடுவதும் பலன் தரும். நிமிஷத்துக்கு விழும் அடிகளை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மிகுதிப்படுத்தினால் முழங்காலும் இடுப்பும் தாங்கும் பளு குறைவதை 2011-இல் 45 ஓட்டக்காரர்களைக் கொண்டு அளந்து காட்டியிருக்கிறார்கள். சாலையின் ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக ஓடுபவனுக்கு ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழுகிறது. ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ மேல். மைதானத்திலும் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தாமதமாக வந்த மாணவனை ஐம்பது பஸ்கி எடுக்கச் செய்யும் ஆசிரியர், அவனுடைய முழங்கால் ஏற்கெனவே நொந்திருக்கிறதா என்று கேட்பதில்லை.

வாரத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்னும் விதி ஓட்டப் புத்தகங்களில் வேதவாக்காக மதிக்கப்படுகிறது. டச்சு ஆராய்ச்சியாளர் 532 புதிய ஓட்டக்காரரை இரு பிரிவாக்கிச் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது, மெதுவாகக் கூட்டியவருக்கும் விரைந்து கூட்டியவருக்கும் காயத்தில் வேற்றுமை தெரியவில்லை. ஆகையால் எண்ணைப் பற்றிப் பிடிவாதம் வேண்டாம். வலி மறுநாட்காலைக்குள் தணிகிறதா என்பதே அவரவர்க்குரிய அளவுகோல்.

ஓட்டமே முழங்காலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுவோருள் நூற்றுக்கு 3.5 பேரிடமே முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாது அமர்ந்திருப்போரில் 10.2, போட்டிகளில் உயர்நிலையில் ஓடுவோரில் 13.3. மூட்டு கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவதும் இக்கணக்கில் ஓரளவு கலந்திருக்கும். எனினும் அளவான ஓட்டம் மூட்டைத் தின்றுவிடுகிறது என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

இதுகாறும் கூறியது முழங்காலைப் பற்றியது. அதில் மாத்திரையால் ஏற்படும் நட்டம் பெரும்பாலும் பணநட்டமே. இரண்டு மூன்று மாத மாத்திரைக்கு ஆகும் செலவில் நல்ல காலணி ஒரு ஜோடி வாங்கலாம் என்பதோடு விட்டுவிடலாம். இடுப்பின் கதை வேறு.

எலும்பு உயிருள்ள பொருள். புதிய பளு ஏறும்போது அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முற்படுகிறது. முதலில் பழைய எலும்பு அரித்து நீக்கப்படுகிறது. அவ்விடத்தைப் புதிய எலும்பு நிரப்பச் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். வீட்டைச் செப்பனிடும்போது பழைய சுவரை இடித்துப் புதிய சுவர் எழும்புவதற்கு முன் கூரை பலவீனமாக நிற்பதை ஒப்பது அந்த இடைக்காலம். அப்போது பளு மேலும் மேலும் ஏறினால் மயிரிழைக் கீறல் விழுகிறது. களைப்பு முறிவு என்று இதைச் சொல்லலாம். நெடுநடை நடந்த படைவீரர்களின் பாதவீக்கமாக இதை 1855-இல் முதலில் வர்ணித்தவர் பிரஷ்ய ராணுவ வைத்தியரான பிரைட்ஹாப்ட். அன்று முதல் இன்று வரை புதிதாகச் சேர்ந்த படைவீரர்களே இதற்கு அதிகம் இலக்காகிறார்கள். பயிற்சியின் தொடக்க வாரங்களே ஆபத்தான காலம். சேர்க்கைக்குத் தானே பழகும் கிராமத்து இளைஞன் அதே நிலையில் இருக்கிறான். அவனை மேற்பார்க்க ராணுவ வைத்தியர் மட்டும் இல்லை.

பாதத்திலோ கணைக்காலிலோ இக்கீறல் விழுந்தால் பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடும். தொடையெலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டுக்குச் சற்றே கீழே விழுந்தால் நிலைமை வேறு. கீறலோடு ஓடினால் கழுத்து முழுவதும் முறிந்து விலகிவிடக்கூடும். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் செல்வது அக்கழுத்தை ஒட்டியே. அது அறுபட்டால் தலை உயிரிழந்து நொறுங்குகிறது. போலீஸ் உடைக்கு ஆசைப்பட்ட இருபது வயதினன் செயற்கை இடுப்பு மூட்டுக்குக் காத்திருக்கும் நிலை அதிலிருந்து உண்டாகலாம். இதன் முதல் அறிகுறி என்ன? கவட்டுப் பக்கத்திலோ தொடையின் முன்புறத்திலோ, ஓடும்போது தொடங்கி நின்றால் தணியும் ஒரு மந்தமான வலி. ‘தசை பிடித்துக்கொண்டது’ என்று எவரும் நினைக்கத்தக்க வலி. மூட்டு மாத்திரையையும் வலிநிவாரண மாத்திரையையும் விழுங்கி இன்னும் இரண்டு வாரம் சமாளிக்கலாம் என்று தோன்றும் வலி. ‘கெடுதல் ஒன்றும் இல்லையே’ என்று சொன்ன விடையின் கெடுதல் அந்த இரண்டு வாரத்திலேயே இருக்கிறது.

பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தி, இடுப்பின் கோளாறு சில வேளைகளில் முழங்கால்வலியாகவே வெளிப்படும் என்பது. இரண்டிற்கும் பொதுவான நரம்புகள் உண்டு. பத்து முதல் பதினாறு வயதுக்குள், சற்றுப் பருத்த பிள்ளைகளிடம் சிறப்பாக, தொடையெலும்புத் தலை வளர்தட்டிலிருந்து நழுவுவது உண்டு. பிள்ளை முழங்காலைத் தொட்டுக் காட்டுவான்; முழங்காலில் ஒன்றும் இருக்காது; நடையில் விந்தலும், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருத்தலும் காணப்படும். இதற்கும் தாமதம் ஆகாது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காவலர் தேர்வுக்கு ஓடும் பெண்கள் பெருகி வருகிறார்கள். குறைவாக உண்டு மிகுதியாக ஓடும் பெண்ணுக்கு மாதவிடாய் தவறினால், அது உழைப்பின் அடையாளமன்று. எலும்பு மெலிந்துவருவதன் எச்சரிக்கை. அதைத் தேகப்பயிற்சி ஆசிரியரிடம் அவள் சொல்லமாட்டாள். கிராமச் சுகாதாரப் பெண் ஊழியரிடம் சொல்லக்கூடும், கேட்டால்.

உணவுச் சத்து எதுவுமே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களுக்கு எட்டு வாரப் பயிற்சியின்போது நாள்தோறும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும், அல்லது போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், முன்னவை உண்டவர்களிடம் களைப்பு முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-இல் வெளியாயிற்று. குறைபாடு உள்ள இடத்தில் குறைந்ததை நிரப்புவது பொருளுடையது. இவ்வட்டாரத்தில் அக்குறைபாடு உண்டா என்பதற்குத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையத்து ஆராய்ச்சியாளர் நகரத்தாரையும் கிராமத்தாரையும் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாகத் தோன்றியவர்களிடமே வைட்டமின் டி குறைவும், உணவில் கால்சியக் குறைவும், கால்சியத்தைக் குடலிற் பிடித்து வைக்கும் பைட்டேட் மிகுதியும் காணப்பட்டன. வெயிலில் உழைக்கும் கிராமத்தாரின் வைட்டமின் டி நிலை நகரத்தாரைவிட மேலாக இருந்தது. கால்சியம் இருவருக்கும் குறைவே. விடியுமுன் ஓடிவிட்டு நாள் முழுவதும் தேர்வுப் பயிற்சி வகுப்பில் அமர்ந்திருக்கும் இளைஞன், கிராமத்தில் பிறந்தும் இந்த வகையில் நகரத்தான் ஆகிவிடுகிறான்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தபடி வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் அதிற் சிறு துளியே. சித்தூர்ப் பகுதியின் பழைய உணவு சங்கடி என்னும் கேழ்வரகுக் களி. ஓட்டத்துக்கு முன் வெள்ளைச் சோற்றையும் ஓட்டத்துக்குப் பின் விலையுயர்ந்த பொடியையும் உண்ணும் புதுப் பழக்கம், தாத்தா தின்ற களியை ஏழ்மையின் சின்னமாகக் கருதி ஒதுக்கிவிட்டது. புளிக்க வைத்த கூழாகவோ முளைகட்டிய மாவாகவோ உண்டால் பைட்டேட்டும் குறையும். அத்துடன் மோரோ பாலோ சேர்ந்தால் மாத்திரைக்கு அவசியம் நேர்வது சிலருக்கே. அதை இரத்தப் பரிசோதனையின் பேரில் மருத்துவர் தீர்மானிக்கலாம்.

புட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் பழக்கத்தையும் மாணவர்களிடம் உண்டாக்கலாம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வகுத்த விதிகளின்படி, இத்தகைய சத்துப் பொருள்களின் உறையில் ‘மருந்தாக உபயோகிப்பதற்கு அன்று’ என்னும் வாசகம் இருக்க வேண்டும். வலிக்கு வாங்கும் பொருளிலேயே வலிக்கு அன்று என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் உண்ணும் முதியவர்களுக்குக் குளுக்கோசமின் இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். பேரனுக்கு வாங்கிய புட்டி தாத்தாவிடம் போய்ச் சேரும் வீடுகளில் இதை நினைவூட்ட வேண்டும். உறையே இல்லாமல் பொட்டலமாக விற்கப்படும் ‘மூட்டுவலிச் சூரணங்கள்’ இவற்றினும் கொடியவை. ஒரே நாளில் வலியைப் போக்குபவை சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அதை நெடுநாள் உண்பதால் வரக்கூடிய தீமைகளுள் ஒன்று, இடுப்பில் தொடையெலும்புத் தலை உயிரிழத்தல்.

தேர்வு நடத்துவோரிடம் எதிர்பார்க்கத்தக்கதும் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவம், சான்றிதழ்ப் பட்டியல், உயரம், மார்பளவு யாவும் அறிவிப்பில் விவரமாக அச்சிடப்படுகின்றன. மூன்று மாதத்து ஓட்டப் பயிற்சி முறை ஒன்றும், எந்த வலியோடு ஓடலாகாது என்னும் நான்கு வரியும் அதே அறிவிப்பில் தெலுங்கிலும் தமிழிலும் சேர்க்கப்பட்டால் காகிதச் செலவு மிகாது.

அதுவரை இவ்வேலை ஆசிரியர்களிடமும் களப்பணியாளர்களிடமுமே இருக்கிறது. மாத்திரையைப் பற்றிக் கேட்கும் இளைஞனிடம், எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வது முதல் வேலை. சில்லைச் சுற்றிக் காட்டினால் பயிற்சியை மாற்றிப் பார்க்கலாம். கவட்டைக் காட்டினாலும், நொண்டினாலும், இரவில் வலி எழுப்பினாலும் அன்றே ஓட்டம் நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் குதித்துக் காட்டு என்று சோதிக்கலாகாது. அச்சோதனையே கீறலை முறிவாக்கிவிடும். அந்தக் காலில் பளு விழாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து சித்தூருக்கோ, தேவஸ்தானத்தார் திருப்பதியில் நடத்தும் எலும்பு மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். உடன் செல்பவரிடம் ஒரு சொல் கூறி அனுப்புவது நலம். களைப்பு முறிவு முதற் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் தெரியாமற்போவது சாதாரணம், எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். படத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிய சீட்டோடு திரும்பியவன், கவட்டுவலி நீடிக்கும்வரை மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து மற்றவர்களுக்கு நேரம் குறிக்கலாம். அடுத்த ஆண்டும் தேர்வு வரும்.